முதல் பேபி போர்வை: எங்கே பிழைத்தது, எப்படித் திருத்துவது

போர்வை கோணலாகப் போகிறது என்று கண்டதும் ஊசியை உருவி எல்லாவற்றையும் அவிழ்த்துவிடாதீர்கள். ஏன் பிழைத்தது என்று பார்க்காமல் அவிழ்த்தால் அதே கைப்பழக்கத்தோடுதான் திரும்பவும் தொடங்குவீர்கள், அதே இடத்தில்தான் திரும்பவும் வந்து நிற்பீர்கள். முதல் போர்வையில் வருகிற கோளாறுகளில் முக்கால்வாசிக்கு நாலைந்து காரணங்கள்தான், ஒவ்வொன்றும் பின்னலில் தன் அடையாளத்தை விட்டுத்தான் போகும். அதைத் தேடிப் பிடித்தால் அரை மணித்தியால வேலை, பிடிக்காவிட்டால் அரைப் போர்வை வீண்.

எல்லாப் பிழையையும் திருத்தவும் தேவையில்லை. பிள்ளையின் விரல் நுழையக்கூடிய ஓட்டை, தளர்ந்து தொங்கும் வளையம், சரியாகச் செருகாத நூல் முனை, இவை மூன்றையும் திருத்தியே ஆகவேண்டும், ஏனென்றால் நூல் ஒரு சின்ன விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். மற்றபடி ஒரு வரிசை மாறிப் போனது, ஒரு ஓரம் கொஞ்சம் வளைந்தது எல்லாம் உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பிழைகள், பின்னல் தெரிந்த வெள்ளவத்தை அன்ரி ஒருவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காத வரைக்கும்.

கீழே உள்ளதெல்லாம் காட்டர் ஸ்டிச்சுக்கு, அதாவது எந்தப் பக்கம் திருப்பினாலும் நிட் மட்டுமே போட்டுக்கொண்டு போகிற பின்னலுக்கு. டீகே (DK) என்கிற நடுத்தரத் தடிப்பு நூல், 4 மில்லிமீற்றர் ஊசி, 75க்கு 90 சென்ரிமீற்றர் போர்வை என்று வைத்துக்கொள்வோம். இதற்குச் சுமார் 155 முதல் 160 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் வளையம், வரும். இவ்வளவு கண்ணியை நீட்டு ஊசியில் அடைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், நடுவில் வயர் உள்ள 80 சென்ரிமீற்றர் வட்ட ஊசியை வாங்குங்கள். வட்டமாகப் பின்னத்தான் அது என்றில்லை, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திருப்பித் திருப்பிப் பின்னலாம், பாரமும் மடியில் இருக்கும்.

சொன்னபடிதான் செய்தேன், ஆனால் அளவு வேறாக வருகிறது

முதலில் ஊசியின் இலக்கத்தைப் பாருங்கள். கொழும்பில் நிறையப் பேர் தொடங்குவது அம்மம்மாவின் அலுமாரியில் கிடந்த ஊசியோடு, பார்ப்பது அமெரிக்காக்காரரின் யூரியூப் வீடியோ. பழைய ஊசிகளில் இருப்பது பிரித்தானிய இலக்கம், அதில் இலக்கம் கூடக்கூட ஊசி மெல்லிசாகும். அமெரிக்க இலக்கம் நேர் எதிர். பிரித்தானிய 8 என்றால் 4 மில்லிமீற்றர், அமெரிக்க 8 என்றால் 5 மில்லிமீற்றர். பிரித்தானிய 10 என்றால் 3.25, அமெரிக்க 10 என்றால் 6. இந்த வித்தியாசத்தில் ஒரு போர்வை துவாய் அளவுக்குச் சுருங்கும், இன்னொன்று கட்டில் விரிப்பாகும்.

இலக்கம் அழிந்துபோன ஊசி என்றால் ஒரு கடதாசித் துண்டை ஒரே ஒரு சுற்று சுற்றி, முனை சந்திக்கும் இடத்தில் கோடு போட்டு, விரித்து அளங்கள். 12.5 மில்லிமீற்றர் வந்தால் அது 4 மில்லிமீற்றர் ஊசி, 16க்குக் கிட்ட வந்தால் 5. இனி இலக்கத்தை மறந்துவிட்டு மில்லிமீற்றரை மட்டும் நம்புங்கள்.

நூலிலும் இதே குழப்பம் உண்டு. மெல்பேர்னில் இருந்து மச்சாள் அனுப்பிய உருண்டையில் 8 பிளை என்று இருந்தால் அதுதான் டீகே, பயப்படத் தேவையில்லை. 4 பிளை என்று பேபி நூலாக விற்பது மெல்லிசு, அதில் இதே கண்ணிக் கணக்குக் காணாது. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் வூஸ்டட் டீகேயை விடத் தடிப்பு. புறக்கோட்டையில் லேபல் இல்லாத நூல் கிடைத்தால் 20 கண்ணி போட்டு ஒரு சின்னச் சதுரம் பின்னி அகலத்தை அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிட்டத்தட்ட 9.5 சென்ரிமீற்றர் வந்தால் மேலே சொன்ன கணக்கு சரிவரும்.

அகலம் கூடிக்கொண்டே போகிறது

புதிதாகப் பின்னுபவர்கள் எல்லோருக்கும் வருகிற முறைப்பாடு இதுதான். 156இல் தொடங்கினேன், இப்போது 171 இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லையே என்பார்கள். போர்வையை மேசையில் விரித்து, கூடிய கண்ணி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மூன்று இடம்தான் இருக்கிறது.

ஓரங்கள் படிபடியாக வெளியே போகின்றன, நடுவில் ஓட்டை எதுவும் இல்லை என்றால் பிழை ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியில். வரிசை முடிந்து திருப்பியதும் நூல் முன்பக்கம் தொங்கும். அதைப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று ஊசிக்கு மேலாகத் தூக்கிப் போட்டால் முதல் கண்ணி முறுகி மேலே ஏறி, அதன் இரண்டு கால்களும் இரண்டு தனிக் கண்ணி போலத் தெரியும். இரண்டையும் பின்னுவீர்கள், ஒன்று கூடிவிடும். திருப்பியவுடன் நூலை நேர் கீழே ஒருமுறை இழுங்கள். ஒரு வளையம்தான் இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு, நூலை ஊசி முனைக்குக் கீழால் பின்பக்கம் கொண்டுபோங்கள். இதை ஒருமுறை கை பழகிவிட்டால் பிறகு வராது.

நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகளும் அகலமும் சேர்ந்து வந்தால், நூல் எப்போதோ முன்பக்கம் வந்து, அதைக் கவனிக்காமல் அடுத்த நிட்டைப் போட்டிருக்கிறீர்கள். அப்போது ஊசிக்குக் குறுக்கே ஒரு நூல் கூடுதலாக விழும், அடுத்த வரிசையில் அதையும் கண்ணி என்று பின்னிவிடுவீர்கள். உண்மைக் கண்ணிக்குக் கழுத்தடியில் ஒரு முடிச்சுப் போலத் தெரியும், இதற்கு அது இருக்காது, சும்மா சாய்ந்து கிடக்கும். அடுத்த வரிசையிலேயே கண்டால் அதைப் பின்னாமல் ஊசியில் இருந்து தள்ளிவிடுங்கள், மிஞ்சிய நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்குள் ஊசி முனையால் இழுத்துப் பகிருங்கள், அடையாளமே தெரியாது. ஐந்தாறு வரிசை தாண்டியிருந்தால்கூட அந்த ஒரு கண்ணியை ஓட்டை வரைக்கும் வேண்டுமென்றே அவிழ விடலாம், கொஞ்சம் தளர்வாகத் தெரியும், கழுவினால் ஓரளவு ஒழுங்காகும். அதற்கு மேல் போயிருந்தால் விடுங்கள். இப்போது பின்னும் வரிசையில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிக் கணக்கை மீட்டு, ஓட்டையைப் பின்பக்கத்தில் அதே நூலால் தைத்து மூடுங்கள். மூடாமல் விடக்கூடாது, விரல் மாட்டும் ஓட்டை அதுதான்.

மூன்றாவது, ஓட்டையும் இல்லை, ஓரமும் நேர், ஆனால் கண்ணி கூட. ஊசி நூலைப் பிளந்து பாதி இழையை ஒரு கண்ணியாகவும் மீதியை இன்னொன்றாகவும் எடுத்திருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு மெலிந்த கண்ணிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முறுக்குக் குறைந்த பருத்தி நூலில் இது அடிக்கடி வரும். கூர் முனை ஊசியும் பிளக்கும், அதை மாற்றினாலே பாதி குறையும்.

பெரிய வைத்தியம் எண்ணுவதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் 156 எண்ண யாராலும் ஏலாது. வேறு நிற நூலில் சின்ன வளையங்கள் கட்டி 20 கண்ணிக்கு ஒன்றாக ஊசியில் கோர்த்துவிடுங்கள், ஒவ்வொரு வரிசையிலும் அவை கண்ணிக்கு நடுவே ஒரு ஊசியில் இருந்து மற்றதற்கு மாறிக்கொண்டு வரும். எந்தப் பெட்டியில் 21 இருக்கிறது என்று உடனே பிடிபடும்.

கண்ணி குறைகிறது, கீழே ஏணி மாதிரி ஓடுகிறது

ஒரு கண்ணி ஊசியில் இருந்து நழுவிவிட்டது. இழுத்துப் பார்க்காதீர்கள், இழுத்தால் இன்னும் இறங்கும். முதல் வேலை கையில் அகப்பட்ட சேஃப்டி பின் ஒன்றை அந்த வளையத்தில் குத்திப் பூட்டுவது. அது பூட்டியாயிற்று என்றால் தேநீர் குடித்துவிட்டுக்கூட வரலாம், அது எங்கேயும் ஓடாது.

பிறகு ஒரு குரோஷே ஊசி, 3.5 அல்லது 4 மில்லிமீற்றர். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பேர்ள் (நிட்டின் மறுபக்கம்) என்று பின்னுகிற ஸ்டொக்கிங் ஸ்டிச்சில் முன்பக்கத்தில் இருந்தபடியே ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றலாம். காட்டரில் அது சரிவராது, ஏனென்றால் ஒரு வரிசை இந்தப் பக்கம் இருந்து பின்னியது, அடுத்தது அந்தப் பக்கம் இருந்து பின்னியது. ஒரே பக்கம் நின்று ஏற்றினால் புடைப்புகளுக்கு நடுவே வழுவழுப்பாக ஒரு நிரல் நேராக ஓடும், தூரத்திலிருந்தே தெரியும்.

பூட்டிய வளையத்தின் அடியைப் பாருங்கள். அங்கே புடைப்பு உங்களைப் பார்த்தபடி இருந்தால் இந்தப் பக்கமே தொடங்குங்கள். வழுவழுப்பாக இருந்தால் பின்னலைத் திருப்பி மற்றப் பக்கம் தொடங்குங்கள். குரோஷே ஊசியை முன்னிருந்து வளையத்துக்குள் விட்டு, பின்னால் கிடக்கும் மிகக் கீழான படியைக் கொழுவி முன்னால் இழுங்கள், ஒரு வரிசை முடிந்தது. உடனே திருப்பி மற்றப் பக்கத்தில் அடுத்த படி. படிக்கு ஒருமுறை திருப்புவது அலுப்புத்தான், ஆனால் முன்னால் விட்டோமா பின்னால் விட்டோமா என்று யோசிக்க வேண்டியிருக்காது. மேலே ஊசியில் ஏற்றும்போது வளையத்தின் வலது கால் ஊசிக்கு முன்னால் நிற்க வேண்டும், இடது கால் முன்னால் நின்றால் அந்தக் கண்ணி முறுகி இறுகிப் போகும்.

ஏணி எதுவும் இல்லாமல் கண்ணி குறைந்தால் எங்கோ இரண்டைச் சேர்த்துப் பின்னியிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு என்றால் அடுத்த வரிசையில் ஒரு கண்ணியைக் கூட்டிவிட்டுப் போங்கள்.

பல கண்ணி ஒன்றாகக் கழன்றால்தான் பயம். அதற்கு முன்கூட்டியே ஒரு காப்பு இருக்கிறது. 20 புடைப்புக் கோட்டுக்கு ஒருமுறை, முனை மழுங்கிய தையல் ஊசியில் வழுவழுப்பான வேறு நிற நூலைக் கோர்த்து, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளாலும் விட்டு அப்படியே கிடக்க விடுங்கள். ஆனால் அடையாள வளையங்களுக்குள்ளால் நூலை விட்டுவிடாதீர்கள், அவை அங்கேயே சிறைப்பட்டுவிடும். இனி என்ன நடந்தாலும் அந்தக் கோடு வரைக்கும்தான் அவிழும். வீட்டில் தவழும் பிள்ளையோ பூனையோ இருந்தால் இதைச் செய்யாமல் விடவே வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் உயரம் கூட, நடுவில் ஒரு படி

வரிசையின் நடுவில் வைத்துவிட்டு எழும்பிப் போய், திரும்பி வந்து எதிர்த் திசையில் பின்னியிருக்கிறீர்கள். சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும்போது யார்தான் வரிசை முடியும் வரைக்கும் இருப்பார்கள். வரிசை நடுவில் எடுக்கும்போது ஒரு விதி போதும்: உருண்டையில் இருந்து வரும் நூல் வலது கை ஊசியில் தொங்க வேண்டும். இடது கையில் தொங்கினால் பின்னலைத் திருப்புங்கள். படி விழுந்துவிட்டால் அங்கே ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும், அதனால் இதை அவிழ்ப்பதுதான் நல்லது, அந்த இடம் வரைக்கும் கண்ணி கண்ணியாக.

புடைப்புக்கு நடுவில் வழுவழுப்பாக ஒரு கோடு

ஒரு வரிசை பேர்ள் போட்டுவிட்டீர்கள். விட்டுவிடுங்கள். நிறம் மாற்றிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாக இரண்டு நிறமும் கலந்து தெரிகிறது என்றால் அது பிழையே இல்லை, காட்டரில் அப்படித்தான் வரும். எப்போதும் ஒரே பக்கத்து வரிசையில் நிறம் மாற்றினால் புள்ளிகள் எல்லாம் பின்பக்கத்தில் சேரும்.

ஊசி நகரவில்லை, நூல் கீச்சிடுகிறது, கை வலிக்கிறது

பாதிக் காரணம் கொழும்பு. ஏப்ரல் மாதப் பின்னேரத்தில் வேர்த்த கையோடு அக்ரிலிக் நூலை அலுமினிய ஊசியில் பின்னினால் அது நகராது, நகராததால் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கிப் பிடித்தால் இன்னும் வேர்க்கும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, காலையிலோ இரவிலோ ஃபானுக்குக் கீழே பின்னுங்கள். மூங்கில் ஊசி நூலைக் கொஞ்சம் பிடிக்கும், நழுவ விடாது, அதனால் கண்ணி நழுவுகிறவர்களுக்கு நல்லது. ஏற்கெனவே இறுக்கமாகப் பின்னுகிறவர்களுக்கு அது சரிவராது, அவர்களுக்கு வழுக்குகிற உலோக ஊசிதான்.

மீதிக் காரணம் நீங்கள் ஊசியின் கூம்பிய நுனியிலேயே கண்ணியைச் செய்வது. நுனி மெல்லிசு, அங்கே செய்த கண்ணி தடித்த பகுதிக்கு ஏறாது. புதுக் கண்ணியை ஊசியின் முழுத் தடிப்பு உள்ள இடத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் நூலைச் சுண்டி இழுக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது ஊசிதான்.

அடி ஒடுக்கம், அல்லது மேல் ஒடுக்கம்

அடி ஒடுங்கி மேலே விரிந்தால், கண்ணியை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை மாறவில்லை என்றால் காஸ்ட் ஒன், அதாவது தொடக்கத்தில் ஊசியில் கண்ணி போட்டது, இறுக்கம். அடுத்த முறை 5 மில்லிமீற்றர் ஊசியில் காஸ்ட் ஒன் செய்து, முதல் வரிசையை 4இல் பின்னத் தொடங்குங்கள், கண்ணிக்குக் கண்ணி சின்ன இடைவெளியும் விடுங்கள். மேல் ஒடுங்கினால் காஸ்ட் ஓஃப், அதாவது கடைசியில் கண்ணிகளை மூடியது, இறுக்கம், அதை அவிழ்த்துப் பெரிய ஊசியில் திரும்பச் செய்வது பத்து நிமிடப் பேச்சு. காஸ்ட் ஓஃப் செய்யப் போர்வை அகலத்தின் நாலு மடங்கு நூலாவது மிச்சம் இருக்கட்டும், நூல் முடிகிறதே என்ற பதற்றத்தில்தான் அநேகமாகக் கை இறுகும்.

ஓரம் சுருண்டு நிற்கிறது

காட்டர் சுருளாது. சுருண்டால் நீங்கள் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பேர்ள் என்று ஸ்டொக்கிங் ஸ்டிச் பின்னியிருக்கிறீர்கள். அதன் பக்க ஓரங்கள் பின்னுக்கும் மேல் கீழ் ஓரங்கள் முன்னுக்கும் சுருளும், அது அந்தப் பின்னலின் இயல்பு. கல்லை வைத்து அமத்தினாலும் நிற்காது. இப்போதுதான் தொடங்கினீர்கள் என்றால் அவிழ்த்து, சுற்றிவர காட்டர் கரை வையுங்கள், இரு பக்கமும் ஆறேழு கண்ணி, மேலும் கீழும் பத்து வரிசை. முழுவதும் முடித்த பிறகு கண்டால் மெல்லிய பருத்தித் துணியைப் பின்னால் வைத்துத் தைப்பதுதான் நிச்சயமான வழி. பின்னலை அளந்து துணியை வெட்டுங்கள், துணியை முதலே ஒருமுறை நனைத்துக் காயவிட்டு. அயன் பண்ணினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் அக்ரிலிக்கில் கேட்காதீர்கள். சூட்டில் இழை உருகித் துவண்டு பளபளப்பாகும், அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

நூல் காணாது, நிறம் சேரவில்லை

டீகே அக்ரிலிக்கில் இந்த அளவுக்கு ஏறக்குறைய 1000 மீற்றர் போகும், அதாவது 100 கிராம் உருண்டை நாலு. பருத்தி பாரம் கூடியது, அதே 100 கிராமில் நீளம் நன்றாகக் குறையும், எனவே லேபலில் கிராமைப் பார்க்காமல் மீற்றரைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தரம் வாங்குங்கள், லேபலில் நிற இலக்கத்தோடு லொட் (ஒரே தரம் சாயம் போட்ட தொகுதி) இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரே வெள்ளை என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாலும் இரண்டு லொட் இரண்டு வெள்ளைதான். மாட்டிக்கொண்டால் பழையதிலும் புதியதிலும் இரண்டு இரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கோடு விழாது.

உருண்டையின் நடுவில் முடிச்சு வந்தால் அதைப் பின்னிக்கொண்டு போகாதீர்கள். வெட்டி, 15 சென்ரிமீற்றர் வால் விட்டு, ஓரத்தில் புது நூலைத் தொடங்குங்கள். முடிவில் வாலைத் தையல் ஊசியால் ஒரு திசையில் செருகி, திரும்பி எதிர்த் திசையில் செருகி, இன்னொருமுறை திரும்புங்கள். பருத்தி வழுக்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் நீளமாக.

கழுவியதும் நீண்டுவிட்டது, அல்லது மணக்கிறது

நீண்டது பருத்தியாகத்தான் இருக்கும். நனைந்தால் பாரம் தாங்காமல் கொடியில் தொங்கும்போது இழுபடும். இன்னும் ஒருமுறை நனைத்து, துவாயில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, நிலத்தில் காய்ந்த துவாய் விரித்து அதன்மேல் அளவுக்குத் தட்டிச் சரிசெய்து காயவிடுங்கள். ஒக்டோபர் நவம்பர் மழைக்கு இரண்டு நாளும் ஆகலாம், ஃபானைப் போட்டுவிட்டு இடைக்கிடை புரட்டுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால்தான் அந்தப் புழுங்கல் மணம் வரும்.

பிள்ளைக்குச் சூடாக இருக்கிறது, வேர்க்கிறது என்றால் அது பின்னல் பிழை இல்லை, கொழும்பில் அக்ரிலிக் போர்வை ஏசி அறைக்கும் காருக்கும்தான் சரி, அல்லது கனடாவில் பிறந்த பிள்ளைக்கு. எந்த நூலாக இருந்தாலும் ஒரு வயது ஆகும் வரைக்கும் தூங்கும் பிள்ளையின் தொட்டிலில் தளர்வான போர்வை வைப்பதில்லை, குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அது. மடியில் வைத்திருக்கும்போது போர்த்தலாம், பிள்ளை விழித்திருந்து நீங்களும் பக்கத்தில் இருக்கும்போது நிலத்தில் விரித்துக் குப்புறக் கிடத்தலாம்.

பரிசாகக் கொடுக்கும் வரைக்கும் அலுமாரியில் வைக்கிறீர்கள் என்றால் நப்தலின் உருண்டை போடாதீர்கள். ஜீ6பீடீ (G6PD) என்கிற நொதியில் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அந்த மணம் ஏறிய துணியே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடக்கூடும், பிறந்த பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருப்பது வீட்டாருக்கு அநேகமாகத் தெரிந்தும் இருக்காது. பூச்சி அரிப்பது ஆட்டு ரோம நூலைத்தான், பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் உருண்டை தேவையே இல்லை. நன்றாகக் காயவைத்து, சுத்தமான தலையணை உறைக்குள் போட்டு வைத்தால் போதும். ஏற்கெனவே மணம் ஏறிவிட்டது என்றால் கழுவி, வெளியில் காற்றுப்படப் போட்டு, மூக்கருகில் பிடித்தாலும் மணக்காது என்ற நிலை வரும் வரைக்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.